காதால் பார்த்த படங்கள்

நான் ஒரு சினிமா ரசிகன். திருப்பரங்குன்றத்தில் பிறந்து வளர்ந்து, ஐம்பது வருஷமாகப் படம் பார்த்துவருகிறவன். 'படம் பார்த்தேன்' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். என் விஷயத்தில் அந்தச் சொல் பாதிதான் பொருந்தும். பல படங்களை நான் முதலில் கேட்டேன். அவற்றைக் கண்ணால் பார்க்க வருஷக்கணக்கானது.

எங்கள் ஊர், முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த ஊர். பங்குனித் திருவிழாவில் சாமிக்குத் திருக்கல்யாணம் நடக்கும்போது மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கநாதரும் பெற்றவர்களாகப் புறப்பட்டு வருவார்கள். அதனால் சுற்றுப்பட்டி ஜனங்களுக்கும் இங்கே வந்து தாலி கட்டுவதில் தனிப் பிரியம். நல்ல முகூர்த்த நாளில் சன்னதித் தெருவில் மாலையும் கழுத்துமாக எதிர்ப்படுகிற மாப்பிள்ளைகளை எண்ணி முடியாது.

நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில், கல்யாண வீட்டுக்கு வாழைமரம் வருவதற்கு முன்னாலேயே குழாய் ரேடியோ வந்துவிடும். மைக் செட்காரர் முதல்நாள் மத்தியானமே சைக்கிளில் வந்து இறங்குவார். வேப்பமரக் கிளையில் ஒரு குழாய், மாடிக் கைப்பிடிச்சுவரில் ஒரு குழாய். தகரப் பெட்டிக்குள் இசைத்தட்டுகள். பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, முருகன் பாட்டெல்லாம் ஓடி, சினிமாப் பாட்டும் ஓய்ந்து, பந்தி நடக்கிற நேரத்தில் கதைவசனத் தட்டைக் கையில் எடுப்பார். அந்த நேரத்துக்காகவே நாங்கள் நாலைந்து பேர் அவர் காலடியில் உட்கார்ந்திருப்போம். பெரும்பாலும் 'திருவிளையாடல்' வசனமாக இருக்கும்.

அழைப்பில்லாத கல்யாணமாக இருந்தாலும் பரவாயில்லை, திண்ணையில் இருந்தபடியே கேட்கலாம். இலை போடுகிறவர் சாம்பார் வாளியோடு ஒரு நிமிஷம் நின்று தருமியின் புலம்பலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவார். நக்கீரர் வாதாடும் இடத்தில் பந்தியே கொஞ்சம் அமைதியாகும். அந்த நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராஜனேதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 1965இல் வந்த அந்தப் படத்தை நான் கொட்டகையில் பார்த்தது என் பதினோராவது வயதில். அதற்குள் வசனம் முழுக்க மனப்பாடம். என் மனதுக்குள் தருமிக்கு ஒரு முகம் இருந்தது. எங்கள் தெருவில் ஜாதகம் எழுதிப் பிழைத்த ஒரு பெரியவரின் முகம் அது. திரையில் நாகேஷ் வந்து நின்றபோது ஒரு கணம் யாரோ அந்நியர் போலத் தெரிந்தார். வாயைத் திறந்தார், தருமி வந்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்த நினைப்பு இன்றுவரை விடவில்லை. நடிப்பில் பாதிக்கு மேல் குரலில் இருக்கிறது என்று நம்புகிறேன். மதுரைக்காரர்களுக்கு இது பழக்கமான உண்மை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தார்கள். என் அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர். "சிவாஜி மொகம் கட்டைவெரல் அளவுதான்டா தெரிஞ்சுச்சு. பேச்சு மட்டும் காதுக்குள்ள வந்து விழுந்துச்சு" என்பார். அத்தனை ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வசனம் கேட்ட அந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை நடக்கிறது.

'திருவிளையாடல்' மதுரையில் நடக்கிற கதை என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் பாடிய குரல்களும் இந்த மண்ணுடையவை என்பதைச் சொல்ல எனக்கு ஆசை. பாணபத்திரராக நடித்துப் பாடிய டி.ஆர்.மகாலிங்கம் சோழவந்தான்காரர். சிவாஜிக்குப் பாடிய டி.எம்.சௌந்தரராஜன் மதுரையில் பிறந்தவர். அவருக்குத் தாய்மொழி சௌராஷ்டிரம். வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்த ஒருவர்தான் தமிழ் எழுத்துகளை எப்படி அழுத்தி, எப்படி விட்டு உச்சரிக்க வேண்டும் என்று இரண்டு தலைமுறைக்குக் காதுவழியாகக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ழகரம் வராத பையனிடம் தமிழ் வாத்தியார், "டி.எம்.எஸ். பாட்டைக் கேளுடா" என்றுதான் சொல்வார்.

எங்கள் ஊரின் பெயரில் தொடங்குகிற முருகன் பாட்டு ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பூவை செங்குட்டுவன் எழுதியது, குன்னக்குடி வைத்தியநாதன் மெட்டு. 1967இல் வந்த 'கந்தன் கருணை'யில் சூலமங்கலம் ராஜலட்சுமியும் பி.சுசீலாவும் பாடினார்கள். அந்தப் படத்துக்காகத்தான் கே.வி.மகாதேவன் இசையமைப்பாளருக்கான தேசிய விருதைப் பெற்றார். அந்த விருதை முதன்முதலில் வாங்கியவர் அவரே. பாட்டின் கற்பனையைப் பாருங்கள். இந்த மலையில் எழுகிற ஓசை, நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற இன்னொரு படைவீட்டில் கேட்குமாம். முருகனுடைய வேலையோ மயிலையோ முதலில் காட்டாமல், ஓசையைப் பிடித்துக்கொண்டு ஒரு கவிஞர் தொடங்கியிருக்கிறார். குழாய் ரேடியோச் சத்தம் குன்றில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது கற்பனையாகவே படவில்லை.

பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது. 1984இல் 'விதி' படத்தின் வசனம் கேசட்டாக வந்தபோது டீக்கடை தோறும் நீதிமன்றம் நடந்தது. ஆரூர்தாஸ் எழுதிய அந்த வாக்குவாதத்தைக் கேட்பதற்காகவே தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். ஏமாற்றப்பட்ட ஒரு பெண் கூண்டில் ஏறி நியாயம் கேட்கிற கதை அது. பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள் அதிகம் என்று அடித்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஒலிச்சித்திரம் வரும், இலங்கை வானொலியும் எங்கள் பக்கம் தெளிவாக எடுக்கும். அந்தக் கதைகளை நேயர்களில் பலர் என்னைவிட நன்றாகவே சொல்வீர்கள்.

மதுரைப் பேச்சு திரைக்குப் போனதைப் பற்றி ஒரு மனக்குறை எனக்கு வெகுநாளாக உண்டு. மதுரை என்றாலே அரிவாள், டாட்டா சுமோ, மீசை என்று ஆக்கிவிட்டார்கள். பேச்சையும் சரியாகப் பிடிப்பதில்லை. திருநெல்வேலி 'லே'யைக் கொண்டுவந்து மதுரைக்காரன் வாயில் வைப்பார்கள். நாங்கள் 'அங்கிட்டு இங்கிட்டு' என்போம், 'வந்தாய்ங்க போனாய்ங்க' என்போம். வாக்கியத்தின் கடைசியில் ஒரு இழுவை இருக்கும். அதை எழுத்தில் காட்ட முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். வடிவேலு அதை அப்படியே கொண்டுபோய்த் தமிழ்நாடு முழுவதற்கும் கொடுத்தார்.

2011 பொங்கலுக்கு 'ஆடுகளம்' வந்தது. சேவல்கட்டுக் கதை, மதுரைக் கதை. வெற்றிமாறனும் விக்ரம் சுகுமாரனும் எழுதிய வசனத்தை தனுஷ் பேசியபோது, பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பையனின் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது. ஆறு தேசிய விருதுகள் வாங்கிய படம். அதில் பேட்டைக்காரனாக வந்தவர் வ.ஐ.ச.ஜெயபாலன், ஈழத்துக் கவிஞர். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ராதாரவி. துரையாக வந்த கன்னட நடிகர் கிஷோருக்குக் குரல் சமுத்திரக்கனி. டாப்ஸிக்குப் பேசியவர் ஆண்ட்ரியா. உடல் ஒருவர், உயிர் இன்னொருவர். பேட்டைக்காரனின் பொறாமை முற்றுகிற இடங்களில் முகத்தையும் குரலையும் பிரித்துப் பார்க்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை. அந்த நடிப்புக்காக ஜெயபாலனுக்குத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதற்கு முழுத் தகுதி அவருக்கு உண்டு. அந்தப் பெருமையில் குரலுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. தமிழக அரசு விருதில் பின்னணிக் குரல் கலைஞர்களுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். அது நியாயமான காரியம்.

இவ்வளவு நேரம் குரலைப் பற்றியே பேசிவிட்டேன். இப்போது என் காதைத் திருத்திய ஒரு படத்தைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் பி.எஸ்.வினோத்ராஜ். அவருடைய 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அதற்குமுன் எந்தத் தமிழ்ப் படமும் அதை வாங்கியதில்லை. அடுத்த படம் 'கொட்டுக்காளி', 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. நாயகன் சூரி, அவரும் மதுரைக்காரர். நாயகி அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. பின்னணி இசை கிடையாது. ஷேர் ஆட்டோவின் உறுமல், காலில் கயிறு கட்டிய சேவல், காற்று, ஆண்களின் அதட்டல், அவ்வளவுதான்.

நான் பார்த்த காட்சியில் பக்கத்தில் ஒரு சிறுவன் தன் அப்பாவிடம், "பாட்டு எப்பப்பா வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அரை மணி நேரம் கழித்து அவனே, "அப்பா, சேவல் பயப்படுது" என்றான். திரையில் அப்போது சேவலைக் காட்டவில்லை, சத்தம் மட்டும்தான். எனக்கு மைக் செட்காரரின் காலடி ஞாபகம் வந்தது. பேசாத ஒரு பெண்ணின் எதிர்ப்பு இவ்வளவு உரக்கக் கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வசனத்தில் வளர்ந்தவன் நான். அந்த மௌனத்தையும் நல்ல வசனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இன்றைய பெரிய படங்கள் பலவற்றில் எனக்கு இருக்கிற வருத்தம் இங்கேதான். நடிகர் பேசும்போதே பின்னணி இசை மேலே ஏறி மிதிக்கிறது. தமிழ்ப் படத்தைத் தமிழன் ஆங்கில எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்கிற நிலை வந்திருக்கிறது. சத்தம் கூடக்கூடக் கேட்பது குறைகிறது. படம் எடுக்கிற தம்பிமார்களுக்கு ஒரு ரசிகனாக நான் வைக்கிற கோரிக்கை இதுதான்: பேச்சுக்கு இடம் விடுங்கள், பேசாத இடத்துக்கும் இடம் விடுங்கள்.

நேயர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று இரவு உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைப் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் திரைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். காதால் மட்டும் பாருங்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது உடனே எழுந்துவிடாமல், குரல் கொடுத்தவர்கள் பெயர் வரும்வரை இருந்து படித்துவிட்டுப் போங்கள்.