படம் எடுக்கும் முன்னால்



நம்ம ஊர்ல வயசானவங்க பலருக்கு ரேஷன் கார்டு படத்தை விட்டா வேற படம் கிடையாது. அவங்க காலத்துக்கு அப்புறம் அதையே பெரிசாக்கி மாலை போடுறோம். முகமே தெரியறதில்ல.

குழுவுல சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தா இப்பவே எடுத்து வைங்க. முதல்ல மெனுவுல படத்தின் அளவைப் பெரிசா வைக்கணும். 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் தெளிவா வர 1200க்கு 1800 புள்ளி வேணும். 640க்கு 480ல எடுத்ததைப் பின்னாடி பெரிசாக்கினா தெளிவு வராது. பிளாஷை அணைச்சு, ஐ.எஸ்.ஓ. 100 வச்சு, பகல் வெளிச்சத்துல திண்ணை நிழல்ல உட்கார வைங்க. பட்டனைப் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்ததும் முழுசா அழுத்துங்க.

ஒரு பிரிண்ட் அவங்க கையிலயே கொடுங்க. அவங்க முகத்தை அவங்களே பார்க்கட்டும்.