பயத்தை மறைக்காதீங்க, பேசுங்க!

(குடும்ப ஆலோசகர் பயிற்சி பெறும் குழு உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



வகுப்புப் பாடம் முடிஞ்சுது. இனி மேற்பார்வையாளர் பக்கத்துல இருக்க, நீங்களே ஆலோசனைக்கு உட்காரப் போறீங்க. "அக்கா, நினைச்சாலே வயித்தைக் கலக்குது" என்று பலபேர் சொன்னீங்க. கல்லூரியில் உளவியல் படித்தவர்களுக்கும் முதல் நாட்களில் இந்தப் பதட்டம் வரத்தான் செய்யும். அதனால் நமக்குத் தகுதியில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தப் பயம் எங்கிருந்து வருது?

முதலாவது, "நான் தப்பா ஏதாவது சொல்லி, ஒரு குடும்பமே உடைஞ்சிட்டா?" என்ற பயம். சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்று தீர்ப்பு சொல்வது நம்ம வேலை இல்லை. அந்தப் பெண் தானே யோசித்து முடிவெடுக்கத் துணையாக இருப்பதுதான் நம்ம வேலை. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகருக்கு மூன்று குணங்களை வலியுறுத்தினார். எதிரில் இருப்பவரின் நிலையில் நின்று புரிந்துகொள்வது, நிபந்தனை இல்லாமல் மதிப்பது, போலித்தனம் இல்லாமல் இருப்பது. பேச்சுத் திறமையை அவர் கேட்கவில்லை, பாருங்க.

இரண்டாவது, மௌனம். வந்தவங்க அழுதுட்டுப் பேசாம இருந்தா நமக்குத் தாங்காது. உடனே "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்போம். அது அவங்களுக்கு ஆறுதல் ஆகாது. நம்ம பதட்டம்தான் கொஞ்சம் குறையும். மூச்சை மெதுவாக வெளியே விட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அப்புறம், "சொல்றது கஷ்டமா இருக்கும். மெதுவா சொல்லுங்க, நான் இருக்கேன்" என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, மேற்பார்வையாளர். ஊக்குநர் முதன்முதலா வங்கிக்குப் போனப்போ களப்பணியாளர் கூட வந்தாங்களே, மார்க் போடவா வந்தாங்க? சலான் எழுதத் துணைக்குத்தானே! இதுவும் அப்படித்தான். ஆனால் அவர் உடன் இருப்பதற்கு, வந்த பெண்ணிடம் முதலிலேயே சம்மதம் கேட்டுவிட வேண்டும்.

எதை மறைக்கக் கூடாது?

மேற்பார்வையாளரிடம் நல்லா நடந்ததை மட்டும் சொல்லி, தடுமாறியதை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. ஒரு பெண் கிளம்பும்போது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதை மறைத்தால் ஓர் உயிரே போகலாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், அவளைத் தனியே விடாமல் உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்க. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம்.

அடி உதை என்று வந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு. 181 உதவி எண் இருக்கு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். அதனால் "எதையுமே யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீங்க. ரகசியம் காப்போம், உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்றால் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்று தொடக்கத்திலேயே விளக்கிடுங்க.

இன்னொன்றும் உண்டு. வந்தவள் கதை உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். குடிகாரக் கணவன், வரதட்சணைப் பேச்சு... கேட்கக் கேட்க உங்க நெஞ்சு படபடக்கும். அதையும் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்க. தேவைப்பட்டால் வேறொரு சகோதரி அந்தப் பெண்ணோடு பேசுவாங்க. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பழகிக்கொள்ள சில வழிகள்

* மூன்று பேராக உட்காருங்க. ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்கட்டும். பிறகு இடம் மாறுங்க.
* முதலில் சொல்ல வேண்டிய இரண்டு மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைங்க.
* ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும் நோட்டில் மூன்று வரி எழுதுங்க: எனக்கு என்ன தோணுச்சு? எங்கே தடுமாறினேன்? மேற்பார்வையாளரிடம் எதைக் கேட்கணும்? வந்தவர் பெயரோ ஊரோ அதில் வேண்டாம்.
* பதில் தெரியலையா? "விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லுங்க. சொன்னபடி செய்யுங்க.

சகோதரிகளே, வாராவாரம் குழுவில் மற்றவங்க கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகினவங்க நாம. அந்தப் பழக்கத்தோட இந்தப் பயிற்சியும் சேரட்டும். பயம் வந்தால் வரட்டும், அதையும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருங்க.

அனைவருக்கும் வாழ்த்துகள்.