"நான் என்ன தப்பு பண்ணேன்?": மூளை முடக்குவாதமும் பிரசவமும்

பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்திலும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்கிறவன் நான். செந்துறை, ஜெயங்கொண்டம், குன்னம், வேப்பந்தட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் அம்மாக்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நான் என்ன தப்பு சார் பண்ணேன்?" இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருப்பார்கள். கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், ராத்திரியில் தலைக்குக் குளித்தாள். இதில் ஒன்றுகூட காரணம் இல்லை. மாமியார்களும் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து வருவது "பிள்ளை பிறந்ததும் அழலை, அதனாலதான்" என்பது. இது பழைய வாதம். 1861-ல் லண்டனில் லிட்டில் என்ற டாக்டர், கஷ்டப் பிரசவம், குறைமாதம், மூச்சுத்திணறல் இவற்றால்தான் கை கால் விறைப்பு வருகிறது என்றார். 1897-ல் இன்னொருத்தர் திருப்பிக் கேட்டார்: வயிற்றிலேயே குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதால் பிரசவம் கஷ்டமாகி இருக்கலாமே? அவர் யார் தெரியுமா, சிக்மண்ட் ஃப்ராய்ட். கனவு பற்றியெல்லாம் எழுதுவதற்கு முன்னாடி அவர் நரம்பு டாக்டர்.

ரெண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் ஒன்று இல்லை, ஒரு சங்கிலி. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும், குழந்தை சரியாக வளராது, எட்டாம் மாசத்திலேயே பிறக்கும், அப்புறம் கிருமித் தொற்று வரும். எந்தக் கண்ணியில் மூளை அடிபட்டது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். "சிசேரியன் பண்ணியிருந்தா தப்பிச்சிருக்குமே" என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். தமிழ்நாட்டில் 2015-16-ல் 34 சதவீதமாக இருந்த சிசேரியன், 2019-21-ல் 45 சதவீதம் ஆகிவிட்டது. பணக்கார நாடுகளிலும் சிசேரியன் பல மடங்கு ஏறியது. நிறைமாதக் குழந்தைகளில் மூளை முடக்குவாதம் அதற்கேற்பக் குறையவில்லை.

சிலர் யூடியூப் பார்த்துவிட்டு, அழாத குழந்தையின் உடம்பைக் குளிர வைத்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அதைச் செய்து பார்த்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். பலன் இல்லை. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள்; குளிர்விக்காதவர்களில் 31. அதனால் அந்த ஏக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சரி, தடுக்க முடிந்தது என்ன? குறைமாதத்தில் வலி வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பிறக்கும் முன்னாடியே அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் பலப்படும். ரொம்ப சீக்கிரம் பிறக்கப் போகிற குழந்தை என்றால் மெக்னீசியம் சல்பேட்டும் போடுவார்கள், அது மூளையைக் காக்கும். இங்கேயிருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பினால், "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது மஞ்சள் காமாலையில். சுகப்பிரசவம் என்றால் ரெண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் உச்சத்துக்கு வருவதோ பெரும்பாலும் மூணாம் நாளிலிருந்து அஞ்சாம் நாளுக்குள். அப்போது பிள்ளை வீட்டில், வாசல் வெயிலில். லேசான மஞ்சள் தானாகப் போய்விடும், உண்மைதான். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள், உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள், பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, கீச்சென்று அழுகிறது, இதில் ஏதாவது இருந்தால் நடு ராத்திரி ஆனாலும் கிளம்புங்கள். பிலிருபின் மூளையில் படிந்துவிட்டால் உடம்பு தானாக முறுக்கிக்கொள்ளும், காதும் கேட்காமல் போகலாம். நேரத்துக்கு நீல விளக்கில் வைத்தாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம். அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்தம், பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அம்மாவுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அது அடுத்த பிள்ளையைக் காப்பாற்றுகிற ஊசி.

காரணம் தேடி கோயில் கோயிலாக அலைகிற மாதங்களில் குழந்தையின் நேரம் போய்விடுகிறது. நாலு மாசம் முடிந்தும் தலை நிற்கவில்லை, கால் ரெண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொள்கிறது, ஒரு வயசுக்கு முன்னாடியே ஒரே கையை மட்டும் நீட்டுகிறது என்றால், அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் நடக்கும்" என்கிற பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, நிறைய பேர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது: அடுத்த பிள்ளைக்கும் வருமா? பெரும்பாலும் வராது. ஆனால் அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியிருந்தாலோ, பிரசவத்தில் ஒரு சிக்கலும் இல்லாமலே குழந்தைக்கு இப்படி இருந்தாலோ, மரபணுச் சோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூளை முடக்குவாதம் மாதிரியே தெரிகிற பரம்பரை நோய்கள் உண்டு. சிலவற்றுக்கு மருந்தும் உண்டு. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள். பிறந்த எடை, எத்தனையாவது வாரம், பிட்ஸ் வந்ததா, எல்லாம் அதில்தான் இருக்கும்.