வீட்டில் ஒலிக்கட்டும் இறைவார்த்தை

(யூபிலி விழாவின் ஆயத்த நாட்களில் ஒரு மாலை வேளையில் நிகழ்த்திய உரை)



நம் ஊர் அருவியைப் பற்றிய ஒரு சிறு கேள்வியோடு தொடங்குவோம். எங்கிருந்தோ பேருந்து பிடித்து வருகிறவர்கள் கோதையாற்று அருவியில் குளித்து மகிழ்ந்து போகிறார்கள். பக்கத்திலேயே குடியிருக்கும் நாம் கடைசியாக அங்கே குளித்தது எப்போது? பலருக்கு உடனே பதில் வராது. "பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்ற எண்ணமே நம்மைப் போகவிடாமல் செய்துவிடுகிறது. நம் வீட்டிலுள்ள திருவிவிலியத்தின் கதையும் இதுதான்.

திருமணத்தன்று பரிசாக வந்த விவிலியம் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வீடு மந்திரிக்கும்போது ஒருமுறை, வீட்டில் இறப்பு நிகழும்போது ஒருமுறை அதை வெளியே எடுக்கிறோம். மற்ற நாட்களில் அதற்குள்ளே பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் ரேஷன் அட்டையும் இருக்கும். நம் கண்கள் மட்டும் இருப்பதில்லை.

இதைச் சொல்லும் நாமும் விதிவிலக்கல்ல. ஒருமுறை மருத்துவமனையில் படுத்திருந்த நண்பரைப் பார்க்க நாம் சிலர் சென்றிருந்தோம். "எனக்காக ஒரு திருப்பாடல் வாசியுங்கள்" என்று அவர் கேட்டார். விவிலியம் அருகில்தான் இருந்தது. ஆனால் எதை வாசிப்பது, அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டினோம். அடுத்த கட்டிலருகே அமர்ந்திருந்த சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் புத்தகத்தை மெல்ல வாங்கி, உரிய பக்கத்தைத் திறந்து நம் கையில் கொடுத்தார். அவர் நம்மை ஏளனம் செய்யவில்லை. ஆயினும் நம் முகத்தில் ஈயாடவில்லை. பிறருக்குத் தேவைப்படும் வேளையில் இறைவார்த்தையை எடுத்துக் கொடுக்க முடியாத நிலை ஒரு கிறிஸ்தவனுக்கு எவ்வளவு பெரிய வறுமை!

இதற்காக நம் முன்னோரைக் குறை கூற வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) வரை திருப்பலி வாசகங்கள் இலத்தீன் மொழியிலேயே ஒலித்தன. செபமாலையாலும் சிலுவைப் பாதையாலும் அவர்கள் நம்பிக்கையைக் காத்து நம்மிடம் கொடுத்தார்கள். ஆனால் 1965 நவம்பர் 18ஆம் நாள் அச்சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, குருக்கள் மட்டுமன்றி இறைமக்கள் யாவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்தார். ஆகவே இனி மொழி தெரியவில்லை, நூல் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை.

இறைவார்த்தை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர். சொத்து இழப்பாலும் குடும்பத் துன்பங்களாலும் மனம் சோர்ந்திருந்த அவருக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் உயர்ந்த டச்சு வீரர் டிலனாய் ஆறுதல் சொன்னார். எப்படிச் சொன்னார்? விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். நல்லவனுக்கும் துன்பம் வரும், ஆனால் கடவுள் அவனைக் கைவிடுவதில்லை என்ற அந்த ஒரு செய்தி அவர் உள்ளத்தில் விதையாக விழுந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் உயிர் துறந்தார். 2022 மே 15ஆம் நாள் திரு அவை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

சிந்தித்துப் பாருங்கள். டிலனாய் குருவானவர் அல்லர், ஒரு போர்வீரர். ஆனால் யோபுவின் கதையை அறிந்திருந்தார். அதை அவர் அறியாதிருந்தால், அந்த நண்பருக்கு என்ன சொல்லியிருப்பார்? நம் அண்டை வீட்டுக்காரர் கலங்கி நிற்கும்போது நாம் என்ன சொல்லப் போகிறோம்?

"நேரம் ஏது?" என்று கேட்கலாம். விடியுமுன் தலையில் விளக்கோடு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். அந்தத் தொழிலே நமக்கு வழிகாட்டுகிறது. பால் வெட்டுகிறவர் பட்டையை மெல்லியதாகச் சீவுகிறார். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். சிறிய வெட்டுதான், சொட்டுச் சொட்டாகத்தான் பால் வடிகிறது, ஆனாலும் சிரட்டை நிறைந்துவிடுகிறது. ஒரே நாளில் பத்து அதிகாரம் வாசித்துவிட்டு மறுநாள் மூடிவைக்கிறவர் ஆழமாக வெட்டுகிறவர். நாள்தோறும் ஓர் அதிகாரம் போதும்.

மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்கள். பதினாறே நாட்களில் முடித்துவிடலாம். நான்கு நற்செய்திகளும் சேர்ந்து 89 அதிகாரங்கள். மூன்று மாதம் போதும். மாலைச் செபமாலை முடிந்ததும், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். எழுத்தறியாத பாட்டிக்குப் பேத்தி வாசித்துக் காட்டட்டும். பிறகு ஒரு நிமிடம் மௌனம். "இன்று எனக்கு இதில் என்ன?" என்ற ஒரு கேள்வி. ஒருநாள் தவறினால் மனம் சோராமல் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

நம் பிள்ளைகள் வேலை தேடி வளைகுடா நாடுகளுக்கும் பெரு நகரங்களுக்கும் போகிறார்கள். கோயில் மணியோசை கேட்காத இடங்களிலும் அவர்கள் வாழ நேரிடும். அங்கே அவர்களோடு எது போகும்? இன்று நம் வீட்டில் அவர்கள் கேட்டுப் பழகியதுதான் போகும்.

யூபிலிக்காக ஆலயத்துக்கு வண்ணம் பூசுகிறோம், கொடிமரம் அலங்கரிக்கிறோம். அவை வேண்டியவையே. ஆனால் சில ஆண்டு மழையில் வண்ணம் மங்கிவிடும். பிள்ளைகளின் உள்ளத்தில் பதிந்த இறைவார்த்தை மங்காது. ஆகவே இன்றிரவே அலமாரியைத் திறப்போம். மாற்கு முதல் அதிகாரத்திலிருந்து தொடங்குவோம்.

வார்த்தையான இறைவன் நம் இல்லங்களில் குடிகொண்டு நம்மை ஆசீர்வதிப்பாராக!