மனக்காயமும் ஆறும்



1947இல் நாடு பிரிந்தது. அதன்பின் கிழக்கு வங்காளத்து அகதிகள் கொல்கத்தாவுக்கு ரயிலேறி வந்தார்கள். சியால்டா ரயில் நிலையமே பலருக்கு வீடானது. 1971 போரிலும் அகதிகள் வந்தார்கள். பசித்த வயிறு தெரியும். மனதில் பட்ட காயம் தெரியுமா?

வீடில்லாமல் தெருவில் வாழ்பவர்கள் அங்கே இன்றும் உண்டு. அவர்களில் மனநோய் உள்ளவர்களை ‘ஈஸ்வர் சங்கல்பா’ என்ற தொண்டு நிறுவனம் தேடிப் போகிறது. அது 2007இல் தொடங்கியது. மருத்துவர் மாத்திரை தருகிறார். அதை வேளை தவறாமல் கொடுப்பவர் யார்? சில இடங்களில் பக்கத்து டீக்கடைக்காரர்! சாப்பாடும் தருவார். பேச்சும் கொடுப்பார்.

நம் ஊரிலும் புயல், வெள்ளம் வரும். ஒருவர் தூங்காமல், பேசாமல் தவிப்பார். ‘பைத்தியம்’ என்று ஒதுக்காதீர்கள். அருகில் உட்காருங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். அரசின் 14416 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை.