அசைவூட்டக் கலையும் எல்லைப்புற மாணவர்களும்

கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒருசேரப் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனாலும் மக்களின் போக்குவரவு நிற்கவில்லை. இவ்வூர்களின் இளைஞருக்குப் படிப்புக்கும் பிழைப்புக்கும் அண்மையிலுள்ள பெருநகரம் திருவனந்தபுரம். அங்குள்ள டெக்னோபார்க்கில் 1999-இல் டூன்ஸ் அனிமேஷன் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது உருவாக்கிய தெனாலிராமன் தொடர் 2003-இல் தொலைக்காட்சியில் வெளிவந்தது. அசைவூட்டத்தைத் தொழிலாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் சுற்றுப்புறத்து வீடுகளில் வேரூன்ற இத்தகைய முயற்சிகள் வழிசெய்தன.

இக்கலை நம் நாட்டில் முறையாகப் பயிற்றப்பட்டதும் 1956-இல்தான் என்பது தற்செயலான பொருத்தம். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அவ்வாண்டு பம்பாய் வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் கலைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவரிடம் கற்றவர்களுள் ராம் மோகன் குறிப்பிடத்தக்கவர்.

அவர்கள் கற்ற விதம் கருதத்தக்கது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்கு 12 சித்திரங்கள் தேவை. பத்து நிமிடப் படத்திற்கு 7,200. அசைவின் முக்கிய நிலைகளைத் தேர்ந்த கலைஞர் வரைவார். இடைப்பட்ட சித்திரங்களைப் புதியவர் வரைந்து நிரப்புவார். சலிப்பூட்டும் வேலைதான், ஊதியமும் குறைவு. எனினும் உடலின் எடை எங்கே சாய்கிறது, கை எப்போது தயங்குகிறது என்பதைப் புதியவர் அங்கேதான் கற்றார். கணிப்பொறி வந்தபின் வண்ணம் தீட்டும் வேலை சுருங்கியது. இன்று எழுத்தால் கேட்ட மாத்திரத்தில் படத்தையே தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. ஏணியின் முதற்படியே ஆட்டம் காண்கிறது. பாறசாலையிலிருந்து நாள்தோறும் ரயிலேறிச் சென்று படிக்கும் மாணவன் கால் ஊன்ற வேண்டிய படி அதுவே.

ஆகவே ஒரு மென்பொருளை மட்டும் சில மாதங்களில் கற்பித்துச் சான்றிதழ் வழங்கும் பயிற்சி போதாது; அம்மென்பொருள் மாறினால் கற்றவன் திகைத்து நிற்பான். எந்த நிறுவனமும் கேட்காவிட்டாலும், முதலாண்டில் இடைச் சித்திரங்களைக் கையால் வரையச் செய்ய வேண்டும். சந்தையில் சுமை தூக்குபவரின் நடையைப் பார்த்து வரைந்தவனுக்கே, இயந்திரம் தரும் படத்தில் பாதம் தரையில் வழுக்குவது கண்ணில் படும். புதிய கருவியை விலக்க வேண்டியதில்லை. அதன் பிழையைக் காணும் கண் வேண்டும். சிறிதாயினும் ஒரு படத்தைக் கதைப்பலகை முதல் ஒலி வரை மாணவனே முடித்துப் பழகுவதும் இன்றியமையாதது.

இத்துறை குறித்து மத்திய அரசின் பணிக்குழு 2022-இல் அறிக்கை அளித்தது. இத்தகைய திட்டங்களை நடத்தும் அதிகாரிகள் வழங்கிய சான்றிதழ்களை எண்ணுவதோடு நில்லாமல், மாணவர் செய்து முடித்த படங்களையும் பார்த்து மதிப்பிடுதல் நலம். மறையும் முதற்படிக்கு ஈடாக, உதவித்தொகையுடன் கூடிய தொழில் பழகுநர் பயிற்சி தேவை. வசதியற்ற வீட்டுப் பிள்ளை ஊதியமின்றி எத்தனை மாதம் காத்திருப்பான்?

எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்தில் தோல்பாவைக் கூத்து வழங்கி வந்துள்ளது. மூட்டு வைத்துத் தைத்த ஒரு கையின் அசைவாலேயே கோபத்தையும் கெஞ்சலையும் அக்கலைஞர் காட்டிவிடுவர். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926-இல் வெளியிட்ட முழுநீள நிழலுருவப் படமும் மூட்டு வைத்து வெட்டிய உருவங்களால் ஆனதே. எல்லைப்புற மாணவரைக் கூத்துத் திரையின் பின்புறம் ஒருநாள் அமர்த்திப் பார்க்கச் செய்ய, அதிகம் போனால் ஒரு பேருந்துக் கட்டணமே செலவாகும்.