குழூஉக்குறியும் குட்டி ரயிலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் திறனாய்வு பற்றியும் பேச இந்த அவையில் அறிஞர் பலர் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, அவர்கள் தொடமாட்டார்கள் என்று நான் நம்பும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். கூட்டம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் நாம் நின்றுகொண்டே பேசுகிறோமே, அந்தப் பேச்சுத்தான் என் பொருள். நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லை. ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அந்தப் பேச்சினால் மொழிக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா என்பதே என் வினா. விடை தேடி உங்களை நான் அழைத்துச் செல்லவிருப்பது, மாதிரி ரயில் ஓட்டுவோர் நாள்தோறும் கூடிய ஓர் அறைக்கு. சிரிக்க வேண்டா, நன்னூலின் வழியாகவே அங்குச் செல்லப் போகிறோம்.

பவணந்தியார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்தார். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். உரையாசிரியர்கள் காட்டும் இம்மூன்று எடுத்துக்காட்டுகளையும் நாம் பள்ளியிலேயே படித்தோம். ஆனால் எந்தப் பட்டறையில், எந்தப் பேச்சுக்கிடையே பொன் 'பறி' ஆயிற்று? முதலில் சொன்னவர் யார்? கேட்டவர் சிரித்தனரா? இலக்கணம் நமக்குச் சொல்லைத் தந்தது. சொல் பிறந்த கூட்டத்தைத் தரவில்லை.

அவ்வாறு சொற்கள் பிறந்த ஒரு கூட்டத்தை ஓரளவேனும் நாம் அறிந்துகொள்ளக் கூடிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், 1946ஆம் ஆண்டில் மாணவர்கள் 'டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்' என்னும் மன்றத்தைத் தொடங்கினர். கழகத்தின் 20ஆம் எண் கட்டடத்தில் அதற்கு ஓர் அறை கிடைத்தது. உலகப் போரின்போது, 1943இல், ரேடார் ஆராய்ச்சிக்கென்று அவசரமாக எழுப்பப்பட்ட மூன்றடுக்கு மரக் கட்டடம் அது. போர் முடிந்தால் இடித்துவிடலாம் என்று கட்டியது, ஐம்பது ஆண்டுக்கு மேல் நின்றது.

அறை நிறைய ஒரு பெரிய மேடை. அதன்மேல் சின்னஞ்சிறு ஊர்களும் குன்றுகளும் தண்டவாளங்களும். இத்தகைய பொழுதுபோக்கில் பெரிதும் வழங்கும் அளவு ஒன்றுக்கு எண்பத்தேழு. ஆறடி மனிதன் அவ்வுலகில் சுமார் 21 மில்லிமீட்டர் உயரமே இருப்பான். மன்றத்தினர் இரு சாரார். ஒரு சாரார் மேடையின்மேல் வேலை செய்தவர்கள்: இன்ன ஆண்டில் இன்ன கம்பெனியின் இஞ்சின் இன்ன நிறத்தில் இருந்தது என்று தேடி வண்ணம் பூசியவர்கள். மற்றொரு சாரார் மேடையின் அடியில் படுத்துக் கிடந்தவர்கள். சிக்னலும் மின்சாரமும் அவர்கள் பொறுப்பு. தொலைபேசித் துறையினர் நன்கொடையாகத் தந்த ரிலேக்களையும் கம்பிகளையும் கொண்டு, தொலைபேசி டயலைச் சுழற்றி எந்தத் தண்டவாளப் பகுதியில் ரயில் ஓட்டுவது என்று தேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் அமைத்தனர். நாற்பது மணி நேரம் வேலை செய்தவருக்கே அறையின் சாவி கிடைத்தது. தந்தையின் பதவியோ தேர்வின் மதிப்பெண்ணோ அங்குச் சாவி ஆகவில்லை.

இவர்கள் என்ன பேசினார்கள்? மாதிரி ரயில்காரர்கள் எங்கும் பேசுவதைத்தான். அவர்கள் பேச்சில் ஒரு விந்தை உண்டு. தண்டவாளத்தில் ஓடும் உண்மையான ரயிலை அவர்கள் 'புரோட்டோடைப்' என்பார்கள். மூலப்படிவம் என்று சொல்லலாம். நமக்கு ரயில் என்றால் பெரிய ரயில், சிறியதற்குத்தான் அடைமொழி தேவை. அவர்களுக்கோ ரயில் என்றால் மேடைமேல் ஓடுவது, அடைமொழி பெரியதற்கு. ஒரு கலைக்குள் முழுமையாகக் குடிபுகுந்தவனின் பார்வை எப்படித் திரும்பிவிடுகிறது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

இன்னொரு சொல், 'ரிவெட் எண்ணுபவர்'. மாதிரிப் பெட்டியில் இருக்கவேண்டிய ஆணிகளில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துச் சொல்பவரை நண்பர்கள் இப்படிக் கேலியாக அழைப்பார்கள். 'தளை தட்டுகிறதே' என்று கவியரங்கத்தின் நடுவே முணுமுணுப்பவர் நம்மிடமும் உண்டல்லவா! அவர் இல்லாவிட்டால் கவியரங்கம் கெடும். அவர் மட்டுமே இருந்தாலும் கெடும். இங்கிலாந்தில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் அளவில் வண்டி செய்தார்கள். ஆனால் அதற்கென வழக்கில் வந்த தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி 18.83 இருக்கவேண்டும். இந்த 2.33 மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பற்றி அவர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதித்து வருகிறார்கள். சரியான அகலத்துக்கே மாறி எல்லாவற்றையும் புதிதாகச் செய்தவர்களும் உண்டு. வெளியாருக்கு இது வீண்பேச்சு. அவர்களுக்கோ நட்பை வளர்க்கும் பேச்சு.

மீண்டும் எம்.ஐ.டி. அறைக்கு வருவோம். மேடையின் அடியில் படுத்திருப்பவனுக்குப் பழுதைச் சொல்லச் சொல் வேண்டும். அதுவும் உடனே வேண்டும். கருவி வேலை செய்யாவிட்டால் அது 'தோற்கிறது' என்றார்கள். சேர்ந்துபோன வேண்டாத குப்பை 'கிரஃப்ட்'. திருத்தப் போய்த் தேறாதபடி கெடுத்துவிட்டால் அது 'மங்' செய்யப்பட்டது. பாடப்புத்தகமே கதி என்றிருக்கும் மாணவன் 'டூல்', அதாவது வெறுங்கருவி. ரயில் எதிலேனும் மோதப் போகிறது என்றால் உடனே நிறுத்துவதற்கு அறையில் ஆங்காங்கே சுவிட்சுகள் இருந்தன. அதை அழுத்தினால் கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள கடிகாரம் நின்று, நேரத்துக்குப் பதிலாக 'ஃபூ' என்னும் சொல் தோன்றும். 1930களில் பில் ஹோல்மன் என்பவர் வரைந்த 'ஸ்மோக்கி ஸ்டோவர்' என்னும் படக்கதையில் பொருளின்றி வந்துகொண்டிருந்த சொல் அது. ஆபத்து நேரத்திலும் அவர்களுக்கு ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெரும்புகழ் பெற்ற சொல் 'ஹேக்'. எம்.ஐ.டி. மாணவர்கள் அரும்பாடுபட்டுச் செய்யும் குறும்புகளுக்கு முன்னரே வழங்கிய பெயர் அது. ரயில் மன்றத்தார் அதை எடுத்துக்கொண்டு, புதுமையும் கைத்திறனும் அழகும் கூடிய வேலைக்குப் பெயராக்கினர். செய்வதில் உள்ள இன்பத்துக்காகவே செய்யும் வேலை அது.

இப்பேச்செல்லாம் காற்றோடு போயிருக்கும். போகாமல் காத்தவர் பீட்டர் சாம்சன் என்னும் மாணவர். 1958இல் கல்லூரியில் சேர்ந்த அவர், 1959ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மன்றத்தின் பேச்சுக்குச் சுருக்கமான அகராதி ஒன்றைத் தொகுத்தார். அது புலமை காட்டும் நூலன்று. நண்பர்களைக் கேலி செய்யும் நூல். 'ஹேக்' என்பதற்கு, உருப்படியான நோக்கம் எதுவும் இல்லாத வேலை என்றும், தன் தவறான யோசனையைத் தானே கேட்டு இறங்கிய முயற்சி என்றும் பொருள்படவே விளக்கம் எழுதினார். தம் கூட்டத்தின் பெருமைச் சொல்லையே பகடி செய்யும் அந்த மனநிலையை நாம் கவனிக்கவேண்டும்.

அக்காலத்தில்தான் எம்.ஐ.டி.க்கு 'டிஎக்ஸ்-0' என்னும் கணினி வந்தது. 1961இல் 'பிடிபி-1' வந்தது. மேடையடியில் ரிலேக்களோடு பழகிய மாணவர்கள் இரவோடிரவாகக் கணினி அறைக்குக் குடிபெயர்ந்தார்கள். போகும்போது தம் சொற்களையும் எடுத்துச் சென்றார்கள். 1962இல் அங்குத் தோன்றிய 'ஸ்பேஸ்வார்' என்னும் கணினி விளையாட்டை உருவாக்குவதில் முதன்மையானவரான ஸ்டீவ் ரசல் ரயில் மன்றத்தைச் சேர்ந்தவர். அதை விளையாடும் கைப்பெட்டிகள், ரயில் அறையில் கிடந்த உதிரிப் பொருள்களைக் கொண்டே செய்யப்பட்டன.

சொற்கள் அதன்பின் பயணம் செய்தன. 1975இல் ஸ்டான்ஃபோர்டில் ரஃபேல் ஃபின்கல் கணினியாளர் குழூஉக்குறிகளைத் தொகுக்கத் தொடங்கினார். அத்தொகுப்பு 1983இல் கை ஸ்டீல் பதிப்பில் நூலாயிற்று. 1991இல் எரிக் ரேமண்ட் அதை விரிவாக்கினார். கணினிப் பாடநூல்களில், எந்தப் பெயரும் பொருந்தும் இடத்தில் 'ஃபூ' என்று இன்றும் எழுதுகிறார்கள். நாம் ஓர் எடுத்துக்காட்டுக்குச் சாத்தன், கொற்றன் என்று சொல்வதைப் போன்றது அது. 'ஹேக்' என்பதற்கு நேர்ந்ததோ வேறு. 1980களில் செய்தித்தாள்கள் அதைக் கணினித் திருட்டுக்குப் பெயராக்கின. குழுவுக்குள் பட்டமாக இருந்த சொல், தெருவுக்கு வந்தபோது பழியாயிற்று. ஆயினும் அதன் பழைய பொருளும் கெடவில்லை; அழகாக ஒரு நிரல் எழுதியவரை அத்துறையினர் இன்றும் அச்சொல்லால் பாராட்டுகின்றனர். இவ்வரலாற்றை 1984இல் ஸ்டீவன் லெவி எழுதிய நூல் ரயில் மன்றத்திலிருந்தே தொடங்குகிறது.

இதில் நாம் எண்ணவேண்டியவை இரண்டு.

ஒன்று, இச்சொற்களைப் படைக்கவென்று யாரும் கூடவில்லை. கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் அமரவில்லை. கை ஒரு வேலையில் இருந்தது. வாய் நண்பனோடு இருந்தது. அவ்விரண்டுக்கும் நடுவே சொல் பிறந்தது. நம் நாட்டில் தச்சரும் நெசவாளரும் கட்டுமரக்காரரும் இப்படித்தான் மொழியை வளர்த்தனர். அவர்கள் பட்டறைப் பேச்சில் எவ்வளவு எழுதப்படாமல் போயிற்று என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. மூன்று எடுத்துக்காட்டுகள்தாம் நமக்கு மிஞ்சின!

மற்றொன்று, குழூஉக்குறி இனிக்கும். ஆனால் அது கதவையும் சாத்தும். லெவி காட்டும் அந்த அறை ஏறக்குறைய முற்றும் இளைஞர்களாலானது. பெண்களுக்கு அங்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை. உள்ளிருப்போர் சிரிக்கும் சொல்லுக்கு வெளியே நிற்பவர் விழிக்க வேண்டியதாகிறது. சாம்சனின் அகராதி அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது என்பதும் அதன் சிறப்பு.

கட்டியது நில்லாது என்பதற்கும் ரயில்காரர்களிடமே சான்று உண்டு. கலிஃபோர்னியாவில் மான்டரே நகரில் ஜான் ஆலன் என்பவர், தரையிலிருந்து கூரைவரை மலைகள் எழும் ஒரு மாதிரி இருப்புப்பாதையைப் பல்லாண்டு உழைத்து உருவாக்கினார். 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று அதற்குப் பெயர். 'இரத்தக் களரியாகித் தோற்றது' என்று ஒலிக்கும் சிலேடை அது. 1973 ஜனவரியில் அவர் மறைந்தார். பத்து நாளில் தீப்பற்றி அந்த மலைகளும் அழிந்தன. எஞ்சியவை அவர் எடுத்த நிழற்படங்கள். நண்பர்கள் சொன்ன நினைவுகள். பெட்டிகளை முன்பின்னாக நகர்த்தி ஒழுங்குபடுத்தும் 'டைம்சேவர்' என்னும் சிறு புதிர் விளையாட்டு. அதை இன்றும் ஆடுகிறார்கள்.

எம்.ஐ.டி.யின் 20ஆம் கட்டடமும் 1998இல் இடிக்கப்பட்டது. மன்றம் வேறிடத்தில் புதிதாக ஒரு மேடையைக் கட்டத் தொடங்கிற்று. பழைய அறை இல்லை. அந்த அறையில் பிறந்த சொல்லை அறியாத நாடு இல்லை.

நண்பர்களே, நம் வட்டம் பத்தாண்டில் வாசித்த கட்டுரைகள் இம்மலரில் அச்சேறும். தேநீர் ஆறும்வரை நாம் பேசியது அச்சேறாது. ஆயின் ஒரு கவிதையை நாம் உண்மையில் எப்படி மதிப்பிட்டோம் என்பது அந்தப் பேச்சில்தான் இருந்தது. மேடையில் 'சிறப்பான முயற்சி' என்றோம். வாசலில்தான் மனத்தில் பட்டதைச் சொன்னோம். அதற்கு நமக்கென்று சில சொற்களும் உண்டாகியிருக்கின்றன. அவற்றை நான் இங்கே வெளியிட மாட்டேன், சிலர் முகம் சிவக்கும்!

ஆகவே செயலர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகைப் பதிவேட்டின் அருகில் இன்னொரு கோடிட்ட நோட்டுப் புத்தகம் வைப்போம். கூட்டம் கலையும்போது யாரேனும் ஒருவர், அன்று காதில் விழுந்த புதுச்சொல்லையும் அது எந்தப் பேச்சில் வந்தது என்பதையும் இரண்டு வரியில் எழுதட்டும். அந்தப் பொறுப்பை வட்டத்திற்குப் புதிதாக வந்தவரிடமே தருவோம். பொருள் விளங்காமல் நிற்பவர் அவர். கேட்டுக் கேட்டு எழுதுவார். எழுதி முடிக்கும்போது நம்மில் ஒருவராகியிருப்பார். இருபதாம் ஆண்டு மலருக்கு அதுவே ஒரு கட்டுரையாகும்.